துப்பாக்கி லைசென்ஸுக்கு நான் சொன்ன சாட்சி

துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி நாற்பது வயது வரை எனக்கு ஒரு கருத்தும் இருந்ததில்லை. கருத்து வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் தோழி எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு, முந்தைய நாள் ஒரு முயலை எப்படிச் சுட்டாள் என்று துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து நடித்துக் காட்டினாள். ஒரு கண்ணை மூடினாள். மூச்சை அடக்கினாள். "டப்புன்னு ஒரே வெடி லா," என்று சொல்லிச் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். மகளும் சிரித்தாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நியூசிலாந்தில் லைசென்ஸ் எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம் என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அவள் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழச்சி; அந்த ஊர்ப் பேச்சின் 'லா' அவள் வாயில் ஒட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அவளுக்கு ஈப்போக்காரி என்றே பெயர். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டு நீ என்று பேசுவேன், எங்கள் மதுரைப் பக்கத்தில் அப்படித்தான். ஆக்லாந்தில் ஒனிஹங்கா பகுதியில் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு வாடகை வீடுகளில் முன்வீடு அவளுடையது. நாங்கள் பின்வீட்டுக்குக் குடிவந்தபோது என் மகளுக்கு இரண்டு வயது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. "காடி ஓட்டத் தெரியாம இந்த ஊர்ல என்னா செய்வ?" என்று கேட்டு, தன் பழைய காரிலேயே எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். விவாகரத்தானவள். ஒரே மகள் வெலிங்டனில் படித்துக்கொண்டிருந்தாள். ஈப்போக்காரி வேலை பார்த்தது பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில், நர்ஸாக. நான் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். வாரம் முழுக்க இருவருக்கும் ஓட்டம். சனிக்கிழமை மட்டும் எங்களுடையது. கடைத்தெருவில் காய், மீன், பிறகு மனுகாவ் கடலோரமாக ஒரு நடை, பிறகு அவள் சமையலறை. இப்படியே ஆறு வருடம்.

அந்த ஆறு வருடத்தில் ஒரு ஏழு வாரம் உண்டு. கொரோனாவால் எல்லைகள் மூடியிருந்த காலத்தில் ஈப்போவில் அவள் அம்மா இறந்துபோனாள். இவளால் போக முடியவில்லை. சடங்குகளை என் ஃபோனில் பார்த்தாள், தன் ஃபோனைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன்னும் மாலையில் வந்த பின்னும் நான் போய் அவளை எழுப்பி உட்கார வைத்து, இரண்டு வாய் ஊட்டி, தலை வாரிவிடுவேன். ஒரு நாள் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "காலையில கண்ணு முழிக்கிறதே தண்டனையா இருக்கு மா. முழிக்காமலே இருந்துட்டா தேவலை." அன்று அவள் தலைமாட்டில் இருந்த தூக்க மாத்திரை டப்பாவை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்து என் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மெல்ல மெல்லத் தேறினாள். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசியதில்லை. பேசாவிட்டாலும் அது எங்கள் இருவருக்கு மட்டுமான ஒன்று என்று நான் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த ஏழு வாரத்தை ஒரு சொத்துப் பத்திரம் மாதிரி வைத்திருந்தேன்.

மகளின் பள்ளிக்காக நாங்கள் எப்சமுக்கு வீடு மாறினோம். காரில் பத்து நிமிடம். "ஒண்ணும் மாறாது அக்கா," என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பள்ளி, பாட்டு வகுப்பு, நீச்சல் வகுப்பு என்று சனிக்கிழமை ஒன்று விட்டு ஒன்றாயிற்று. அப்புறம் மாதம் ஒன்றாயிற்று. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் அவள் வந்தாள். முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த கிவி நர்ஸ், அதாவது இந்த நாட்டுக்காரி. ஆக்லாந்துக்குத் தெற்கே, பாம்பே என்று இங்கே பெயருள்ள மலையைத் தாண்டி அவள் அப்பாவுக்கு ஆட்டுப்பண்ணை. உயரமானவள், சத்தமாகச் சிரிப்பவள், பேச்சு குறைவு. நான் அவளுக்கு மனதுக்குள் பண்ணைக்காரி என்று பெயர் வைத்தேன். முயல்கள் புல்லைத் தின்று நிலத்தைக் குடைந்துவிடுகின்றன என்று அங்கே சுடுவார்கள். பண்ணைக்காரிக்கு லைசென்ஸ் இருந்தது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் இல்லாதவரும் சுடலாம் என்பது இங்கே சட்டம். அதாவது, என் தோழி சுட வேண்டுமானால் அந்தப் பெண் அவளுடைய தோளை ஒட்டி நிற்க வேண்டும். சட்டத்தின் இந்தப் பகுதிதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இந்த வாரம் வரல மா. ஆட்டுக்குட்டிங்களுக்குக் காதுல நம்பர் போடுறாங்களாம், போயிட்டு வரேன்," என்பாள் ஃபோனில். அடுத்த வாரம் வேலி. அதற்கடுத்த வாரம் முயல். பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுகிறவள், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்கிற படத்தை அனுப்பினாள். படம் எடுத்தது யார் என்று நான் பார்க்காமலே தெரிந்தது. படத்தில் அவள் சிரிக்கிற சிரிப்பை நான் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்களோடு இருக்கும்போது அப்படிச் சிரித்திருக்கிறாளா என்று பழைய படங்களைத் தேடினேன். சிரித்திருக்கிறாள். ஆனாலும் ஆறவில்லை.

ஒரு நாள் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளில் கன்றிப்போன இடத்தைக் காட்டினாள். பெரிய துப்பாக்கி உதைத்ததாம். புதுப் பெண் மருதாணி காட்டுகிற மாதிரி காட்டினாள்.

நான் படிக்க ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் துப்பாக்கிக் குற்றச் செய்திகளைத் தேடித் தேடிப் படித்து, ஒன்று விடாமல் அவளுக்கு அனுப்பினேன். கிறைஸ்ட்சர்ச்சில் பள்ளிவாசல்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு சட்டம் எப்படி மாறியது, இப்போது அதைத் தளர்த்த வேண்டும் என்று யார் சொல்கிறார்கள், கூடாது என்று யார் சொல்கிறார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. எங்கள் பழைய வீட்டுப் பக்கத்து டெய்ரியில், பாலும் ரொட்டியும் வாங்குகிற அதே கடையில், முகத்தை மூடிய இரண்டு பேர் துப்பாக்கியைக் காட்டி சிகரெட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் ஒரு வாரம் கடை திறக்கவில்லை. கேள்விப்பட்டதும் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பயந்த அடுத்த நிமிடமே, அவளிடம் சொல்ல நல்ல விஷயம் கிடைத்தது என்றும் தோன்றியது. இரண்டும் நடந்தது. ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

"அந்தத் திருட்டுப் பசங்க கையில இருந்தது லைசென்ஸ் துப்பாக்கியா மா?" என்று கேட்டாள்.

"எங்கேயோ ஒரு வீட்டுல இருந்து திருடினதாத்தான் இருக்கும். வீட்டுல வாங்கி வச்சாத்தானே அக்கா திருடு போகும்?"

"அதுக்குத்தானே இரும்புப் பெட்டி வைக்கச் சொல்றாங்க."

"பெட்டியையே தூக்கிட்டுப் போனா?"

"நீ ஏன் லா இப்ப எப்பப் பாத்தாலும் சண்டைக்கு நிக்கிற?" என்றாள். கோபமாக இல்லை, வியப்பாகத்தான்.

என் கணவருக்கு இதெல்லாம் புரியவில்லை. அவர் இரண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். பண்ணைக்காரி எலுமிச்சை கேக்கும், பொட்டலம் கட்டி உறைய வைத்த மான்கறியும் கொண்டுவந்தாள். ரசம் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மேஜையில் நானே பேச்சை எடுத்தேன். துப்பாக்கி என்பது உரிமை அல்ல, அனுமதி என்றேன். எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்கள்கூடத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றேன். ஆங்கிலத்தில் எனக்கு அவ்வளவு கோர்வையாகப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

பண்ணைக்காரி மென்று விழுங்கிவிட்டு, "நல்ல ஏற்பாடுதான்," என்றாள். சட்டம் மாறியபோது அவள் அப்பா தன்னிடம் இருந்த, தடையான துப்பாக்கி ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருந்ததாம். ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்துவிட்டு, தானே வண்டியில் எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம். "அது முயலுக்குத் தேவையே இல்லாத துப்பாக்கி," என்றாள்.

அவர்கள் போன பிறகு கணவர் கேட்டார், "உனக்கு என்ன பிரச்னை? நீ சொன்னதுக்கெல்லாம் அந்தப் பொண்ணு சரின்னுதானே சொன்னா?"

"அதுதான் பிரச்னை," என்றேன்.

அந்த மான்கறியை மூன்று வாரம் ஃப்ரீசரில் வைத்திருந்து, மிளகு போட்டு வறுத்தேன். ருசியாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

அடுத்த மாதம் ஈப்போக்காரி தனக்கே லைசென்ஸ் எடுக்கப்போவதாகச் சொன்னாள். பாதுகாப்பு வகுப்பு முடித்து, தேர்வும் எழுதிவிட்டாள். போலீஸ் தரப்பிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பார்கள், அவளிடம் பேசுவார்கள், அவளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடமும் தனித்தனியாக விசாரிப்பார்கள். "ஒண்ணு நீ," என்றாள். "எனக்கு இங்க நெருங்கினவங்கன்னு வேற யாரு இருக்கா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இன்னொண்ணு யாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, பண்ணைக்காரிதான்.

விசாரிக்க வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். எங்கள் எப்சம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, டேப்லெட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு, டீயைப் பாதி குடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை வருடப் பழக்கம்? குடிப்பாரா? கோபக்காரரா? வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? நான் எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். அவளைப் போல நிதானமானவள் கிடையாது என்றேன். மனம் உடைந்துபோன காலம் ஏதாவது உண்டா என்று கேட்டார். "அம்மா இறந்தபோது வருத்தப்பட்டாள், எல்லோரையும் போல," என்றேன். அவர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். அது அதோடு முடிந்துவிட்டது. உண்மையில் முடிந்துவிட்டது.

பிறகு அவர், சாதாரணமாக, வரிசையில் அடுத்தது என்பது போல ஒன்று கேட்டார்: "உங்களைவிட அவரை நன்றாகத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை," என்றேன். "யாரும் இல்லை." அதை நிரூபிக்க வேண்டும் போல இருந்தது. ஏழு வாரத்தையும் சொன்னேன். அவள் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். மாத்திரை டப்பாவை எடுத்துவந்ததையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், நன்றி," என்றார்.

கஷ்டமாக இல்லை. அதுதான் விஷயம். இன்னொரு பெண்ணிடம் இல்லாத ஒன்று என் கையில் இருக்கிறது என்ற நிம்மதிதான் இருந்தது. அவர் கார் கிளம்பிய சத்தம் கேட்டதும்தான் எழுந்து, அவர் மிச்சம் வைத்த டீயைக் கொட்டிவிட்டு, ஒரே கோப்பையை மூன்று தடவை கழுவினேன்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஈப்போக்காரி வந்தாள். உட்காரவில்லை. "டாக்டர் லெட்டர் வேணுமாம்," என்றாள். "அது வர வரைக்கும் நிறுத்தி வச்சிருக்காங்க. மாத்திரை பத்தியும் என்கிட்ட கேட்டாங்க. அந்த டப்பா எங்க போச்சுன்னு எனக்கே இத்தனை வருஷமா தெரியாது லா. அப்பத்தான் விளங்குச்சு, நீதான்னு."

நான் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீ சொன்னது பொய் இல்ல. சொல்லக்கூடாதுன்னும் நான் சொல்லல. என் இன்னொரு சாட்சி, அவளும்தான் இதே விஷயத்த சொல்லியிருக்கா. ஆனா முதல்ல என்கிட்ட வந்து, இத சொல்லாம இருக்க முடியாது, சரியான்னு கேட்டுட்டுப் போய்ச் சொன்னா."

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து முதலில் வந்தது, "அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதான் உன் கேள்வியா?"

"அவகிட்ட ஏன் சொன்ன?"

"அவ கேட்டா. துப்பாக்கிய முதல் தடவ கையில குடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டா. எப்பவாவது உயிரோட இருக்க வேணாம்னு நெனச்சிருக்கியான்னு. அவங்க குடும்பத்துல ஒருத்தர் அப்படிப் போயிட்டாராம். அதனால யாரா இருந்தாலும் கேட்காம குடுக்க மாட்டாளாம். நான் சொன்னேன். அன்னைக்கு அவ குடுக்கல. ரெண்டு மாசம் சும்மா நடக்கத்தான் கூட்டிட்டுப் போனா. அதுக்கப்புறம்தான் குடுத்தா."

நான் அத்தனை செய்தி படித்திருந்தேன், அத்தனை வாதம் செய்திருந்தேன். ஈப்போக்காரியிடம் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இப்போது எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சுக்கா," என்றேன்.

"பயம்னா என்கிட்டதானே வந்திருப்ப?" என்றாள். கதவருகில் போய்த் திரும்பினாள். "நீ எப்சம் வந்தப்ப நான் எதாச்சும் சொன்னேனா? பிள்ளை படிப்பு, சரின்னு விட்டேன். சனிக்கிழமை எனக்கு என்னா செய்யறதுன்னே தெரியாது மா. கடைத்தெருவுல சும்மா நடந்துட்டு வந்து படுத்துக்குவேன். அப்பத்தான் அவ கூப்பிட்டா." அவ்வளவுதான். போய்விட்டாள்.

நான்கு மாதம் நாங்கள் பேசவில்லை. பொங்கலுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பொங்கல் வாழ்த்துப் படம் ஒன்று மட்டும் பதிலாக வந்தது. அந்த நாட்களில் என் பொறாமை குறைந்திருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதானே. குறையவில்லை. என்னால் தர முடியாத ஒரு நேர்மையைப் பண்ணைக்காரி அவளுக்குத் தந்திருக்கிறாள் என்று தெரிந்தபின் கூடியது. பண்ணைக்காரி கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, ஒனிஹங்காவுக்குப் போய் அவள் கதவைத் தட்டினேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"பயத்துல சொல்லலக்கா. பொறாமையில சொன்னேன்," என்றேன், வாசலிலேயே.

அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டாள்: "பயம் கொஞ்சங்கூட இல்லையா?"

"கொஞ்சம் இருந்துச்சு."

"எவ்வளவு?"

"தெரியல."

அது உண்மை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மனிதரிடம் நான் சொன்னது சொல்ல வேண்டிய விஷயம்தான். சொன்ன வாய்தான் சரியில்லை. நல்ல காரியத்தைக் கெட்ட எண்ணத்தோடு செய்தால் அதற்கு என்ன பெயர் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

"உள்ள வா லா, குளிரு வருது," என்றாள்.

டாக்டர் நல்லபடியாகவே எழுதிக்கொடுத்தார். இன்னும் சில வாரத்தில் லைசென்ஸ் வந்தது. அவள் துப்பாக்கி வாங்கவில்லை. "வீட்டுல வச்சிருக்கிற நெனப்பே எனக்கு ஒத்து வரல. அங்க இருக்கிறது போதும்," என்றாள். அது நான் அனுப்பிய செய்திகளால் அல்ல. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதில் பாதியைத் திறக்கவே இல்லையாம்.

போன இலையுதிர் காலத்தில் என்னையும் பண்ணைக்குக் கூப்பிட்டார்கள். காதை மூட ஒரு கவசம் கொடுத்து, ஒரு மேட்டில் பின்னால் உட்காரச் சொன்னார்கள். கீழே ஈரப் புல், வேலி, தூரத்தில் ஆடுகள். பண்ணைக்காரி இப்போது அவள் தோளை ஒட்டி நிற்கத் தேவையில்லை. இருந்தாலும் பக்கத்தில்தான் நின்றாள். ஈப்போக்காரி மண்டியிட்டுக் குறிபார்த்தாள், சுட்டாள். முயல் ஓடியே போய்விட்டது. இருவரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். என்ன வேடிக்கை என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குள் ஏதோ பழைய கதை.

அவள் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு, பண்ணைக்காரியிடம் காட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னா மா?"

"அந்தப் பொறாமை இன்னும் போகலக்கா," என்றேன் தமிழில்.

"தெரியும் லா," என்றாள். "உன் மூஞ்சியிலதான் எழுதி ஒட்டியிருக்கே."

நாங்கள் சிரிப்பதைப் பார்த்துப் பண்ணைக்காரி திரும்பினாள். நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் கேட்டாள். ஈப்போக்காரி ஒரு நொடி யோசித்தாள். சொல்லிவிடுவாளோ என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

"அவளுக்குக் குளிருதாம்," என்றாள் ஆங்கிலத்தில்.

பண்ணைக்காரி உடனே தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினாள். பெரிய கோட்டு, நாய் வாசனை அடித்தது, கை இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கின. நான் அதைக் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.